கதிரவனைக் காட்டும் அடுக்குக் கண்ணாடி

வெறுங்கண்ணால் நாம் நோக்கக் கூடாத கதிரவனை விஞ்ஞானிகள் எவ்வாறு படம் பிடிக்கிறார்கள்? அதைச் சற்று அறிவோம்.

கதிரவனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 பாகை செல்சியஸ். அதைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடமோ பத்து லட்சம் பாகைக்கும் மேல் கொதிக்கிறது! அந்த வெப்ப வாயு எக்ஸ் கதிர்களையும், அலைநீளம் மிகக் குறைந்த புற ஊதாக் கதிர்களையும் வீசுகிறது. நமது காற்று மண்டலம் இவற்றை உறிஞ்சி நம்மைக் காக்கிறது. ஆகவே தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும்.

அங்கும் ஒரு சிக்கல். நேருக்கு நேர் வைத்த சாதாரண ஆடி இக்கதிர்களைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். எனவே 1973-இல் பறந்த ஸ்கைலாப் ஆய்வுக்கூடத்தில், கதிர்கள் உரசிச் செல்லுமாறு சாய்த்த ஆடிகளைப் பொருத்தினர். அவற்றைச் செய்வதோ மிகக் கடினம்.

1972-இலேயே எபர்ஹார்ட் ஸ்பில்லர் வேறு வழி கூறியிருந்தார். மாலிப்டினம், சிலிக்கன் போன்ற இரு பொருள்களை மாற்றி மாற்றிப் பூச வேண்டும். ஒவ்வொரு ஜோடியின் தடிமனும் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. அதாவது நம் தலைமுடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு! ஓர் அடுக்கு திருப்பும் ஒளி மிகச் சொற்பமே. ஆனால் எல்லா அடுக்குகளின் அலைகளும் முகட்டோடு முகடு சேரும்போது ஒளி வலுப்பெறுகிறது. சோப்புக் குமிழியில் நாம் காணும் வண்ணங்களுக்கும் இத்தகைய அலைச் சேர்க்கையே காரணம்.

தடிமனுக்கு ஏற்ப ஆடி ஒரே அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும். 17.1 நானோமீட்டரில் ஒளிமகுடத்தின் இரும்பு அயனிகளும், 30.4-இல் ஏறத்தாழ 50,000 பாகையிலுள்ள ஹீலியமும் தெரியும்.

1987 அக்டோபர் 23-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆர்தர் வாக்கர் குழுவினர், ராக்கெட்டில் இத்தகைய ஆடிகளை அனுப்பி ஒளிமகுடத்தைத் தெளிவாகப் படம் பிடித்தனர். விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி சாலி ரைடு, இவரது முதல் ஆராய்ச்சி மாணவி என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி! பின்னர் 1995-இல் சோஹோவும், 2010-இல் சூரிய இயக்க ஆய்வகமும் இவ்வகை ஆடிகளுடன் சென்றன.

இதனால் நமக்கென்ன பயன்? 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் சுமார் 9 மணி நேரம் இருளில் மூழ்கியது. புயல் புறப்படுவதை முன்கூட்டியே கண்டால் மின்நிலையங்களை எச்சரிக்கலாம் அன்றோ?

தனித்தனியே மங்கலான அடுக்குகள், ஒன்றுகூடிக் கதிரவனையே காட்டுகின்றன. ஒற்றுமையின் வலிமையை இதைவிட அழகாக நமக்கு யார் கற்பிக்க முடியும்?