உணர முடியாத மின்னோட்டம்

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று முட்களில் ஒன்று மட்டும் தடித்து, மற்ற இரண்டையும்விட நீண்டிருக்கும். அதுதான் எர்த் முள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அந்த நீளம் இதற்காகவே.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரைக் காண ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். கட்டிலருகே இருந்த கருவியின் மூன்று முள் பிளக்கை, எர்த் இல்லாத ஓர் இரண்டு முள் இணைப்பான் வழியே செருகியிருந்தார்கள். பணியாளரிடம் சொன்னேன். “கருவிதான் ஓடுகிறதே சார், என்ன குறை?” என்றார் அவர். நல்ல கேள்வி! அதற்கு விடை காண்போம்.

உடல் எதை உணரும்?

50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் கைகளின் வழியே பாயும்போது, சுமார் 1 மில்லி ஆம்பியர் அளவில்தான் ‘சுருக்’ என்று உணர்கிறோம். 10 முதல் 16 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது. ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் நெஞ்சின் குறுக்கே பாய்ந்தால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

ஆனால் இந்த 100 மில்லி ஆம்பியரும் இதயத்தின் வழியே செல்வதில்லை. அது உடலெங்கும் பரவுகிறது. இதயத்திற்கு வருவது மிகச் சிறு பங்கே. இப்போது வேறொரு நிலையை எண்ணிப் பாருங்கள். சில நோயாளிகளுக்கு இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயத்திற்குள் செலுத்தி, வெளியே உள்ள பேஸ்மேக்கர் கருவியுடன் இணைப்பார்கள். அக்கம்பி வழியே வரும் மின்னோட்டம் எங்கும் பரவாமல் நேரே இதயத் தசையில் இறங்கும். 1960களில் நாய்களிடம் நடத்திய ஆய்வுகளில், இவ்வாறு பாய்ந்த 20 மைக்ரோ ஆம்பியரே இதயத்தை நடுங்கச் செய்தது. நாம் உணரும் அளவில் ஐம்பதில் ஒரு பங்கு!

கசிவு எங்கிருந்து வருகிறது?

பழுதில்லாத கருவியிலும் சிறிது மின்கசிவு உண்டு. மின்காப்பு நன்றாக இருக்கும்போது எப்படிக் கசியும் என்று கேட்பீர்கள். பேஸ் கம்பி ஓர் உலோகம். கருவியின் உலோக உறை மற்றோர் உலோகம். நடுவே மின்காப்புப் பொருள். இது எதைப் போல் இருக்கிறது? மின்தேக்கியைப் போல்தானே! மின்தேக்கியின் வழியே மாறுதிசை மின்னோட்டம் செல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதன் மின்தேக்குத்திறன் 1000 பைக்கோ ஃபாரட், அதாவது ஒரு ஃபாரட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று கொள்வோம்.

கசிவு = மின்னழுத்தம் × 2 × 3.14 × அதிர்வெண் × மின்தேக்குத்திறன்
= 230 × 314 ÷ 100,00,00,000
= சுமார் 72 மைக்ரோ ஆம்பியர்.

எர்த் கம்பி நன்றாக இருந்தால் கவலையில்லை. அதன் மின்தடை 0.1 ஓம், உடலின் மின்தடை 1000 ஓம் எனக் கொள்வோம். பக்க இணைப்பில் மின்னோட்டம் எளிய வழியையே பெரிதும் நாடும். உறையைத் தொடுபவர் உடலில் பாய்வது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கம்பி அறுந்தால்? 72 மைக்ரோ ஆம்பியரும் தொடுபவர் வழியே பாயும்.

செவிலியர் ஒரு கையால் அந்த உறையைத் தொட்டபடி, மறு கையால் நோயாளியின் பேஸ்மேக்கர் கம்பியின் திறந்த முனையைச் சரிசெய்கிறார் என்று கொள்ளுங்கள். நோயாளியின் கை எர்த் செய்யப்பட்ட வேறொரு கருவியின் மீது படுகிறது. மின்சுற்று முழுமையாகிவிட்டது! 72 மைக்ரோ ஆம்பியர் செவிலியர் உடல் வழியே நோயாளியின் இதயத்திற்குள் செல்கிறது. செவிலியருக்கோ ஒன்றுமே தெரியாது. கருவியும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

சோதனை எப்படி?

புலன்களுக்கு எட்டாததை அளந்துதான் அறிய முடியும். முதற்சோதனை எர்த் கம்பிக்கு. பிளக்கின் எர்த் முள்ளுக்கும் கருவியின் உறைக்கும் இடையே 25 ஆம்பியர் வரை மின்னோட்டத்தைச் சில வினாடிகள் செலுத்தி, மின்னழுத்த வேறுபாட்டை அளப்பார்கள். 2.5 வோல்ட் என்றால் மின்தடை எவ்வளவு? ஓம் விதிப்படி 0.1 ஓம். இவ்வளவு பெரிய மின்னோட்டம் எதற்கு? ஒரே இழையில் தொங்கும் கம்பி, சிறு மின்னோட்டத்திற்குச் சரியானதாகவே தோன்றக்கூடும்.

அடுத்தது கசிவுச் சோதனை. இங்கே மனிதனுக்குப் பதிலாக ஒரு மின்தடை நிற்கிறது! சோதனைக் கருவியில் உள்ள சுமார் 1000 ஓம் மின்தடையின் வழியே கசிவைச் செலுத்துவார்கள். அதன் முனைகளிடையே 1 மில்லி வோல்ட் காட்டினால் கசிவு 1 மைக்ரோ ஆம்பியர். எர்த்தை வேண்டுமென்றே துண்டித்தும், பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றியும் மீண்டும் அளப்பார்கள்.

1977இல் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு மருத்துவக் கருவிகளுக்கான பாதுகாப்பு நெறியை வெளியிட்டது. இன்றைய நெறிப்படி, இதயத்துடன் நேரே இணையும் கருவியிலிருந்து நோயாளிக்குச் செல்லும் கசிவு 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டலாகாது. ஒரு பழுது நேர்ந்தாலும் 50 மட்டுமே. இத்தகைய கருவியில் சதுரத்துக்குள் இதயப் படம் ஒன்று இருக்கும். மருத்துவமனைக்குச் சென்றால் கவனியுங்கள். உறையைத் தொடுபவருக்கு வரும் கசிவுக்கோ வரம்பு 100. எர்த் அறுந்த நிலையில் 500.

அப்படியானால் நாம் கணக்கிட்ட 72 வரம்புக்கு உட்பட்டதுதானே? ஆம். ஒரு பழுது மட்டும் ஆளைக் கொல்லாதபடிதான் கருவிகளை அமைக்கிறார்கள். அறுந்த எர்த்துடன் இதயக் கம்பியின் திறந்த முனையும் சேரும்போதே விபரீதம். இரண்டாவது தவறு வந்து சேரும் முன் முதற்பழுதைக் கண்டுபிடிப்பதே சோதனையின் நோக்கம். கருவி வாங்கும்போது ஒருமுறை சோதித்தால் போதாது. பழுது பார்த்த பின்பும், குறித்த காலந்தோறும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பணியாளரின் கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்வீர்கள். கருவி ஓடுவது வேறு; பாதுகாப்பாக ஓடுவது வேறு.

கணக்கிட்டுப் பாருங்கள்: அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். இதே கருவி அங்கே எவ்வளவு கசியும்? (விடை: சுமார் 45 மைக்ரோ ஆம்பியர்.) அங்கும் எர்த் முள் வேண்டுமா, வேண்டாமா?