முதலில் ஒரு முகவரி

அன்புள்ள கண்ணுவுக்கு, மாமா எழுதுவது.

ஜெர்மனியின் ஆகன் நகரில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. பெட்டியில் என்னென்ன எடுத்துவரலாம் என்று கேட்டிருந்தாய். புளியும் சாம்பார்பொடியும் இங்கே ஈழத்தமிழர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் கவலையை அம்மாவிடம் விட்டுவிடு. நீ இப்போதே கவனிக்க வேண்டியது வீடு.

ஜெர்மனியில் வீடு அமைந்தால்தான் மற்றக் காரியங்கள் நகரும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை 'ஆன்மெல்டுங்' என்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் போதாது. இன்ன தேதியிலிருந்து நீ குடியிருக்கிறாய் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். பகுதிநேர வேலைக்குப் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். தங்கும் உரிமம் கொடுக்கும் அலுவலகமும் இந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும். அதனால் அறை விளம்பரத்தைப் பார்த்ததும் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "இந்த முகவரியில் பதியலாமா?" என்று கேள். "பதிய முடியாது, ஆனால் வாடகை குறைவு" என்று சொன்னால் அந்த அறை வேண்டாம்.

அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. எல்லா மாணவர்களும் ஒரே சமயத்தில் அறை தேடுவார்கள், அதை எதிர்பார்த்தே ஏமாற்றுக்காரர்களும் காத்திருப்பார்கள். அழகான படங்கள், குறைந்த வாடகை, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல். இப்படி வந்தால் அங்கேயே நிறுத்திவிடு. நீயோ உனக்கு நம்பிக்கையான ஒருவரோ அறையை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பக்கூடாது. ஆகனுக்குப் போய்ப் பார்த்துவர நான் இருக்கிறேன், தயங்காமல் சொல். சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அந்த வாடகையில் ஹீட்டர், தண்ணீர்ச் செலவைச் சேர்க்கக்கூடாது. அட்வான்ஸை மூன்று தவணையாகக் கட்டவும் உனக்கு உரிமை உண்டு.

பணத்தில் இன்னொரு சிக்கல். விசாவுக்காக நீ போடும் 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் இருக்கும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும், அதுவும் இங்கே வந்து வங்கிக் கணக்குத் தொடங்கிய பிறகுதான். முதல் மாதத்திலோ வாடகை, அட்வான்ஸ், மருத்துவக் காப்பீடு, பாய் தலையணை என்று எல்லாமே சேர்ந்து வரும். அந்த மாதத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஏற்பாடு செய்யும்படி அப்பாவிடம் இப்போதே பேசு.

அடுத்ததாக உன் பெயர். நம் ஊரில் இனிஷியலோடு முடிந்துவிடும் விஷயம். இங்கே எல்லாத் தாளிலும் குடும்பப் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆகவே காப்பீட்டுக்காரரும் வங்கியும் உன்னை அப்பா பெயரால்தான் அழைப்பார்கள். விசா, வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசை, அதே எழுத்துகளை எழுது. ஓர் எழுத்து மாறினாலும் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

அந்தப் பெயர் கீழே தபால் பெட்டியிலும் இருக்க வேண்டும். இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. தெருப்பெயர், கட்டட எண், அதற்குப் பிறகு ஆளின் பெயர்தான். நுழைவாசலில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். தபால்காரர் அவற்றில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண், ஏடிஎம் கார்டு, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். சாவி வாங்கிய அன்றைக்கே, பையைப் பிரிப்பதற்கு முன், ஒரு சீட்டில் குடும்பப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடு. யாரோடாவது அறையைப் பகிர்ந்திருந்தால் அவர் பெயருக்குக் கீழே ஒட்டு.

விசா சில மாதங்களுக்குத்தான் கிடைக்கும். அது முடிவதற்கு முன்பே தங்கும் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நேரில் வரச் சொல்லும் தேதி மிகவும் தள்ளிப்போகும். முறையாக விண்ணப்பித்த அத்தாட்சி கையில் இருந்தால் பயமில்லை. முகவரி பதிந்த வாரத்திலேயே அதைத் தொடங்கு.

சின்னச் சின்ன விஷயங்கள் வந்தபின் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வை. பல வீடுகளில் கதவை இழுத்துச் சாத்தினால் வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போடப் போனாலும் சாவியோடு போ. குளிர்காலமானாலும் சமைத்த பின்பும் குளித்த பின்பும் ஜன்னலை அகலத் திற, இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்து அட்வான்ஸில் கைவைப்பார்கள். ஆபத்தென்றால் 112, போலீஸுக்கு 110.

நவம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். அப்போது வீட்டு நினைப்பு அதிகமாகும். அந்தச் சமயம் அறைக்குள் அடைந்து கிடக்காதே. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் ஆகன் இருக்கும் மாநிலத்திலேயே இருக்கிறது, ஈழத்தமிழர்கள் கட்டியது. 2002 முதல் அந்தக் கட்டடத்தில் பூசை நடக்கிறது. ரயிலில் போகலாம். நானும் வருகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, ஆகன் மாணவர் விடுதிக்கு விண்ணப்பிப்பது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது, விசா வரட்டும் என்று தள்ளிப்போடாதே. விடுதி அறை என்றால் முகவரி பதிவதிலும் சிக்கல் வராது. விண்ணப்பம் அனுப்பியதும் அதன் நகலை எனக்கும் அனுப்பு. எந்த மாதம் இடம் கிடைக்கும் என்று நானும் விடுதி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா