சோறு போட்ட வண்டி

பதினோரு வருடமாகக் காலண்டர் லோடு அடித்த என் டாடா 407, மழையில் வழுக்கிக் கவிழ்ந்துவிட்டது. எனக்குக் காயமில்லை. வண்டி தேறாது என்கிறார்கள். மனசு ஆறவில்லை. என்ன செய்வது?
— வாசகர், நாரணாபுரம்

நீங்கள் பிழைத்தீர்களே, அதுவே பெரிது. சோறு போட்ட வண்டிக்காக அழுவதில் வெட்கம் எதற்கு? அழுங்கள்.

முழு இன்சூரன்ஸ் இருந்தால், சர்வேயர் பார்க்கும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் பணம் முதலில் அங்கேதான் போகும்.

பலர் கோட்டைவிடுவது ஆர்.சி. விஷயத்தில்தான். அதை ரத்து செய்யாமல் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளினால், உங்கள் சேசிஸ் எண் ஏதோ ஒரு திருட்டு வண்டியில் ஏறி ஓடலாம். போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, 14 நாளுக்குள், தவறினால் முடிந்தவரை சீக்கிரம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படையுங்கள்.

ஸ்டீயரிங்கை மட்டும் நினைவாக வைத்துக்கொள்ள ஆசை இருக்கும். சர்வே முடிந்ததும் இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வண்டியில், பட்டன் தேய்ந்த டயரோடு மட்டும் மழைக்காலத்தில் லோடு ஏற்றாதீர்கள், அண்ணாச்சி.