ஓடைகள் ஏன் மலையைத் தாண்டுகின்றன?

கேள்வி: கல்பாங் ஆற்றையும் அதில் சேரும் ஓடைகளையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து, எக்செல்லில் வரைந்தேன். மரம்போலக் கிளைக்க வேண்டியது, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்து சிக்கலாகிவிட்டது. ஏன்?
– வாசகர், டிக்லிப்பூர்

பதில்: ஆற்றை நடந்தே அளந்திருக்கிறீர்கள், உங்களுக்குப் பதில் எழுதுவதே மகிழ்ச்சி. பலரும் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பார்கள். அடர்காட்டில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், உண்மைதான். அதனால் கோடு கொஞ்சம் நெளியலாம், மலையைத் தாண்டாது.

உங்கள் அட்டவணையில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும்தானே இருக்கின்றன? புள்ளி எங்கே இருக்கிறது என்பதை அவை சொல்லும். எதோடு சேர்கிறது என்பதைச் சொல்லாது. எக்செல் வரிசைப்படி இணைத்துக்கொண்டே போகும். ஓர் ஓடை முடிந்ததும் அடுத்த ஓடையின் உச்சிக்குத் தாவும். அந்தத் தாவல்தான் குறுக்குக்கோடு.

அருகிலுள்ள புள்ளிகளை இணைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 732 மீட்டர் உயரச் சேடில் பீக்கின் சரிவில் இரண்டு ஓடைகள் அடுத்தடுத்து இறங்கினாலும், நடுவே முகடு இருந்தால் அங்கே அவை கலக்காது.

ஆகவே, புள்ளிகளுக்கு எண் கொடுத்து, ‘தாய்ப்புள்ளி’ என்று ஒரு பத்தி சேருங்கள்: நீர் அடுத்து இறங்கும் புள்ளியின் எண். ஏரியல் விரிகுடா முகத்துவாரம் 1. அதற்குத் தாய் இல்லை, -1 என்று போடுங்கள். 2-க்குத் தாய் 1. ஓடைகள் கூடும் இடம் 5 என்றால், 6, 14 இரண்டுக்குமே தாய் 5. கிளை பிரிவது அந்த ஒரு எண்ணில்தான். நரம்பணுக்களின் கிளைகளைப் பதியும் எஸ்டபிள்யூசி கோப்பிலும் இதே ஏற்பாடுதான், வேருக்கு -1 உட்பட.

வரையும்போது புள்ளி, அதன் தாய், பிறகு ஒரு வெற்று வரி என்று அடுக்கி, ‘ஸ்கேட்டர்’ படம் போடுங்கள். வெற்று வரியில் கோடு அறுந்துவிடும். கிடை அச்சில் தீர்க்கரேகை (உங்கள் ஊருக்கு 93 பாகை அளவில்) வரட்டும். மாற்றினால் ஆறு படுத்துக்கொள்ளும்.

அதே பத்தியை வைத்து, ஸ்ட்ராலர் 1952-இல் வகுத்த ஓடைத் தரத்தையும் கணக்கிடலாம். ஊற்றோடை தரம் 1; சம தரமுள்ள இரண்டு கூடினால்தான் தரம் ஒன்று ஏறும்.

அலையாத்திக் காட்டுக்குள் போனால் மட்டும் கவனம். ஓதம் ஏறி இறங்கும் கழிகள் பிரிந்து மறுபடி சேரும். ஒரு புள்ளிக்கு இரண்டு தாய் வந்துவிடும். அங்கே எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று துண்டு துண்டாகப் பட்டியலிடுங்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் கரை உயர்ந்திருப்பதால், அதற்கு முந்தைய வரைபடப் புள்ளிகளை இதில் கலக்காதீர்கள்.