கணக்கைக் காட்டிக் கேளுங்கள்

வசதியில்லாத நோயாளிகளின் அறுவை சிகிச்சைக்கு இணையம் வழியாகப் பணம் திரட்ட உதவுகிறேன். "அண்ணே, பாப்பா ஃபோட்டோ அனுப்பவா?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். நான் முதலில் கேட்பது ரேஷன் கார்டை.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழியுண்டு. வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் பதிந்துவிடுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதும் இதில் அடக்கம். அதுபோக எவ்வளவு துண்டு விழுகிறதோ, அதை மட்டும் ஊரிடம் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி எஸ்டிமேட் லெட்டர்பேடில் இருக்கட்டும். டாக்டர் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் வேண்டும். அதில் எதெல்லாம் சேரவில்லை என்றும் விசாரியுங்கள். குழந்தைக்குக் கல்லீரல் மாற்று என்றால், பகுதியைக் கொடுக்கும் அம்மாவும் படுக்கையில் இருப்பார். அப்பா வேலைக்குப் போக முடியாது. டிஸ்சார்ஜுக்குப் பிறகும் பக்கத்தில் ரூம் வாடகை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, டாக்ரோலிமஸ் போன்ற மருந்து என்று செலவு நீளும். இதையும் முதலிலேயே தொகையில் சேர்த்துவிடுங்கள். கொடுத்தவரிடமே மறுபடி போய் நிற்பது கஷ்டம்.

டியூபோடு அழும் படம் வேண்டாம். பிள்ளை வளர்ந்து காலேஜ் போகும்போதும் அது இணையத்தில் கிடக்கும். நன்கொடையாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது எஸ்டிமேட்டையும் டாக்டர் பெயரையும்தான்.

இணையத்தில் பணம் திரட்டும் பக்கத்தைத் திறந்ததும் சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் ஆளுக்கு இருநூறாவது போடட்டும். வீட்டு ஆட்களே போடாத பக்கத்தில் வெளியாள் பணம் போடத் தயங்குவார்.

மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் பணத்தை நேராக ஆஸ்பத்திரி கணக்குக்கே அனுப்பச் சொல்லலாம். பணம் கட்டும் இடத்தில் தளத்துக்கென்று ஒரு 'டிப்' தொகையும் சேர்ந்து நிற்கும். விருப்பப்பட்டால் குறைக்கலாம் என்று கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். தனிநபர் சிகிச்சைக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது என்பதையும் மறைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் செய்தியில் தேதி கட்டாயம். தேதியில்லாத செய்தி, குழந்தை குணமாகிப் பள்ளிக்கூடம் போன பிறகும் ஜிபே நம்பரோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

தொகை சேர்ந்த அன்றே பக்கத்தை மூடுங்கள். சிகிச்சை முடிந்ததும் பில்லைப் போட்டு, மிச்சம் எதற்குப் போகிறது என்று எழுதுங்கள். அடுத்த குழந்தைக்காக நான் கேட்கும்போது, அந்தப் பில்லைப் பார்த்தவர்கள்தான் முதலில் கொடுக்கிறார்கள்.