சாயம் ஏன் இறங்கியது?

இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை 1924-ல் நிறைவாக்கியவர் ஜப்பானின் சாகிச்சி டொயோடா. கோளாறு நேர்ந்தால் ஐந்து முறை "ஏன்?" என்று கேட்கும் முறையும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. தறியிலிருந்து வந்த வழி. காஞ்சிபுரம், தென்னேரி வட்டாரத்தாருக்கு அந்நியமில்லை.

பட்டுச் சேலை ஒன்று, கரையின் சிவப்பு உடலில் இறங்கித் திரும்பி வந்ததாகக் கொள்வோம். வழக்கம்போல் நெசவாளர் கூலியில் பிடிப்போம். அடுத்த மாதம் இன்னொரு சேலை வரும்!

கடைச் சிப்பந்தி, சாயக்காரர், நெசவாளர் மூவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். "யார்?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம், ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். சாயம் ஏன் இறங்கியது? நூலில் பிடிக்காத சாயம் தங்கிவிட்டது. ஏன்? அலசல் போதவில்லை. ஏன்? நூலை மறுநாளே கேட்டார்கள். ஏன்? முகூர்த்த ஆர்டருக்கு நாள் குறைவு. அது ஏன்? சாயக்காரரைக் கேளாமல் நாமே கல்லாவில் தேதி கொடுத்தோம்.

பதில்களை அப்படியே நம்பவும் வேண்டாம். நன்றாக அலசிய நூலையும் அவசரத்தில் அலசியதையும் தனித்தனியே வெள்ளைத் துணியோடு சோப்பு நீரில் ஊறவையுங்கள். இரண்டிலும் கறை படிந்தால் குறை அலசலில் மட்டும் இல்லை. சாயத்தையும் தண்ணீரையும் பார்க்கவேண்டும். அவசர நூலில் மட்டும் படிந்தால், பிடித்த கூலியைக் கொடுத்துவிட்டு, ஆர்டர் புத்தகத்தில் சாயக்காரர் சொல்லும் நாளுக்கும் ஒரு பத்தி கோடு போடுங்கள்.