வளரும் பிள்ளைக்கு ஏற்ற சைக்கிள்

சைக்கிள் வாங்குவதற்கும் ஒரு பாடம் வேண்டுமா என்று அன்பர்கள் கேட்கலாம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும்போது மட்டும் வர்ணத்தையும் விலையையும் பார்த்துத் திருப்தியடைந்து விடுகிறோம்.

நமது அரசாங்கம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென இலவச சைக்கிள் திட்டத்தைத் தொடங்கி, 2005-06 முதல் அரசினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிவுபடுத்தியது. ஆனால் தூரம் என்னும் இடர் பல பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் தந்ததன் பலனை ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் படிப்பில் சேர்ந்த பெண்களின் தொகை 32 விழுக்காடு உயர்ந்தது தெரிந்தது. பள்ளி தொலைவாக இருந்த ஊர்களிலேயே பலன் மிகுதி. ஆகவே, பத்தாம் வகுப்பு வரையிலான அந்த இடைவெளியைப் பெற்றோர்தாம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

கொற்கைக் கரையோரத்தார்க்கு அளவின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, இக்கடலின் முத்துக்குப் பருமனைப் பார்த்தே மதிப்பிட்டார்கள். துளைகளின் அளவு மாறும் தட்டுகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். சைக்கிளையும் பிள்ளையின் காலை அளந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். "வளர்ந்தபின் சரியாகிவிடும்" என்று பெரிய சைக்கிளை வாங்குவது சிக்கனமன்று. குரங்குப் பெடல் மிதித்தே கற்றவர்கள் நாம் என்பது உண்மைதான். அன்று சாலையில் மாட்டுவண்டி சென்றது. இன்று பேருந்தும் லாரியும் செல்கின்றன. குரங்குப் பெடலில் ஒரு கை பாரையோ சீட்டையோ பற்றியிருக்கும்; அந்தப் பக்கத்துப் பிரேக் வீண்.

பிள்ளையைச் சைக்கிளின் நடுவே நிற்கச் செய்யுங்கள். இரு பாதமும் தரையில் பதிந்திருக்க, பாருக்கும் காலிடைக்கும் ஓர் அங்குலமேனும் இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து பெடலைக் கீழே தாழ்த்தினால் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். பிரேக் கைப்பிடி விரல்களுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் சரியாயிருந்து, சீட் கம்பியை இன்னும் நான்கு அங்குலமாவது உயர்த்த இடமிருந்தால், பிள்ளை வளரவும் அதில் இடமுண்டு. கம்பியில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தலாகாது.

பார் இல்லாத சைக்கிள் இன்னும் சில காலம் கூடுதலாக உதவும். அக்காளுக்குப் பிறகு தம்பியும் ஓட்டலாம். தம்பி கூச்சப்பட்டால், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின்போது ஆண்கள் சைக்கிளையே ஓட்டிச் சென்ற பெண்களைப் பற்றி அவனுக்குச் சொல்லலாம்.

கியரும் ஸ்பிரிங்கும் வைத்த அலங்கார சைக்கிளைத் தவிர்த்துவிடலாம். தாமிரபரணிக் கழிமுகம் சமதரை; கியருக்கு இங்கே வேலையில்லை. பாகங்கள் கூடக் கூட எடையும் துருவும் கூடும். உள்ளூர்க் கடையில் உதிரிப் பாகமும் கிடைக்காது.

அந்தப் பணத்திற்கு நல்ல பழைய சாதாரண சைக்கிள் கிடைக்கும். வாங்குமுன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டமிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் புதுச் செயினுக்கான தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். இவையெல்லாம் பழுது பார்க்கத்தக்கவை. சட்டம் இணையும் இடங்களிலோ முன் போர்க்கிலோ விரிசலோ வளைவோ கண்டால் எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடுங்கள்.

உப்புக் காற்று வீசும் நம் பகுதியில் துருவே முதற் பகை. சீட் கம்பி துருவேறி இறுகிவிட்டால் உயர்த்தவே முடியாது. வாங்கும்போதே அதைத் திருகிப் பாருங்கள். பின்னர் ஆண்டுக்கு இருமுறை கழற்றிக் கிரீஸ் தடவுங்கள். செயினுக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மெஷின் எண்ணெயைச் சில சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

சிறு சைக்கிள் ஒன்று ஒரு பிள்ளைக்கு உதவுவது சில ஆண்டுகளே. அதன்பின் அது மாட்டுத் தொழுவத்தில் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த தெருவிலோ ஒருவர் அதே அளவு சைக்கிளுக்குக் கடன் வாங்குகிறார். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் தலையிடலாம். மே மாதத்தில், பள்ளி திறக்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள சிறு சைக்கிள்களைப் பொது இடத்திற்குக் கொண்டுவரச் செய்யலாம். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அவற்றைப் பார்த்து, பழுதையும் விலையையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும். விற்பவரும் வாங்குபவரும் அவருக்குரிய கூலியைப் பாதிப்பாதியாகத் தந்துவிடலாம்.